கால் சதவீதம்

துறைமுகத்தில் இன்று கூண்டு எதுவும் ஏற்றவில்லை.
கெடிலம் பாலத்துக்கடியில்
ஆகாயத்தாமரையோடு அப்படியே நிற்கிறது.
பத்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம்.

லாரன்ஸ் ரோட்டில் மருந்துக்கடை மாடி.
இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர்,
போன மழை ஒழுகி
சீலிங்கில் வரைந்துவிட்டுப் போன தீவு ஒன்று.
இதுதான் என் அலுவலகம்.
இருதயநாதன் சார் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

நெய்வேலியில் முப்பத்தோரு வருஷம்
பூமிக்குள்ளிருந்து எடுத்ததை
என் பேச்சைக் கேட்டு கில்ட் ஃபண்டில் போட்டவர்.
'சர்க்கார் வாங்கின கடன் சார், எங்க ஓடிடப் போகுது?'
சொன்னது நான்தான். கையில் பேனா இருந்தது.
பேனா வைத்திருப்பவர்கள்
நிதானமானவர்களாகத் தெரிவார்கள்.

அன்றைக்கே விளக்கவும் விளக்கினேன்:
சில்வர் பீச் பூங்காவில் சீசாப் பலகை இருக்கு இல்லையா,
அந்த முனையில் வட்டி,
இந்த முனையில் நீங்க.
அது இறங்கினா நீங்க ஏறுவீங்க.
அவர் சிரித்தார். துரு பிடித்த பலகை அது, என்றார்.

போன் அடிக்கிறது.
புதுப்பாளையம் ஞானசௌந்தரி டீச்சர்.
'செவ்வாய்க்கிழமை என் எஃப்டி முடியுதும்மா.
குறைச்சிடுவாங்களா?'
குரலில் மாத்திரை டப்பாவின் சத்தம்.
வைத்ததும் சிங்காரத்தோப்பு அஞ்சாப்புலி.
'குறைப்பாங்கதானே?'
ஃபைபர் படகுக்கு வாங்கிய கடன்.
படகு மிதக்கிறதோ இல்லையோ
வட்டி மிதக்கும் வட்டி.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னேன்:
பார்க்கலாம்.

பத்து மணி.
மும்பையில் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
தாளைப் பார்த்துப் படிக்கிறார்.
கால் சதவீதம் குறைப்பு.

சார் தொடையைத் தட்டினார்.
நானும் எழுந்தே விட்டேன்.
ஏற வேண்டிய நேரம்.
திரையில் எண்கள் ஒரு கணம் தயங்கி
கீழே நடக்க ஆரம்பித்தன.

குறைப்பை எல்லோரும் முன்பே தின்று முடித்திருந்தார்கள்.
போன வாரமே, அதற்கு முந்திய வாரமே.
மிச்சமிருந்தது
பதினோராவது பத்தியில் ஒரு சொல்:
இனி நடுநிலை.
அப்படியென்றால் அடுத்த முறை குறைக்க மாட்டார்களோ,
அப்படியென்றால் இதுதான் கடைசியோ,
அப்படியென்றால் விற்றுவிடு.

அஞ்சாப்புலி மறுபடி கூப்பிட்டபோது
அவரிடம் புலம்பினேன்.
அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.
'மத்தி பாடு நல்லாருக்குன்னு போன் வந்தாலே போதும்,
படகு முகத்துவாரம் தாண்டறதுக்குள்ள
ஏலத்துல விலை விழுந்துடும்.
மீன் வந்து எறங்கறப்ப
ஒண்ணும் ஆகாது.'
பிறகு, தன் தவணை எப்போது குறையும் என்று கேட்டார்.
அடுத்த காலாண்டு, என்றேன்.
அதுவரைக்கும்? என்றார்.
நான் இன்னொரு கால் வருவதுபோல் வைத்துவிட்டேன்.

டீச்சரின் வங்கி காலாண்டுக்கெல்லாம் காத்திருக்கவில்லை.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
பலகையில் பழைய எண்ணை அழித்துவிட்டார்களாம்.

ராத்திரி என்.ஏ.வி. வந்தால்தான் சரியாகத் தெரியும்.
மனக்கணக்கில் எட்டாயிரத்துச் சொச்சம்
என் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து
பத்தே நிமிடத்தில் போயிருந்தது.
திரும்பி வரும் சார், என்றேன்.
பேனாவைத் தேடினேன், மேசையில் இல்லை.

அவர் திட்டியிருக்கலாம்.
'அந்த வார்த்தை என்ன சொன்னாங்க?' என்று கேட்டு
என் பேனாவாலேயே
மின்கட்டண ரசீதின் பின்புறம்
நடுநிலை என்று எழுதிக்கொண்டார்.
அந்தச் சொல்லை இதுவரை
நல்ல சொல் என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார்.

ஏறினாலும் இறங்கினாலும்
மாதம் பிறந்தால் எனக்குக் கமிஷன் வந்துவிடும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

கன்வேயர் பெல்ட்டில் சிக்கிய இடது கால் அவருக்கு.
மாடிப்படியில் நல்ல காலை முதலில் வைத்து
மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து
ஒவ்வொரு படியாக இறங்கினார்.
பாதியில் நின்று அண்ணாந்தார்:
'அடுத்த கூட்டம் எப்ப?'

ரெண்டு மாசம் சார்.

தலையாட்டினார்.
கீழே மருந்துக்கடை ஷட்டரை
காற்று லேசாக ஆட்டிப் பார்த்தது.
காற்றுக்கும் தமிழில் கால் என்று பெயர் உண்டு.
கூண்டு இன்னும் ஏற்றவில்லை.